படத்தில் இல்லாத வயர்

என் பேர் லூக்காஸ்.
டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் அதே பேர்
இங்கிலீஷில் புடைத்திருந்தது.
"ஒம்ம கம்பெனி வண்டிதானவே, நீரே பாரும்" என்று
சமாதானபுரம் ஷெட்டில் சாவியைத் தூக்கிப் போட்டார்
உச்சிமாகாளி அண்ணாச்சி.
பணகுடிப் பக்கம் நாற்பது காற்றாடி சுற்றுகிறது அவருக்கு.
வாங்கினது வண்டியை அல்ல,
ஆர்.சி. புத்தகத்தில் இரண்டாவதாக இருந்த பெயரை:
ராஜநளினி, தேனாம்பேட்டை, மெட்ராஸ்.

தவளைக்கண் ஸ்ப்ரைட்.
குளத்தில் தலை தூக்கினாற்போல
பானெட் மேல் இரண்டு விளக்கு.
கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது,
டிக்கிக்கு மூடி கிடையாது,
இரண்டு பேர் ஏறினால் மூன்றாவதாக ஒரு குடைக்குக்கூட இடமில்லை.
எர்த்தும் தலைகீழ். பாடிக்குப் பாசிட்டிவ்.
பழக்க தோஷத்தில் முதல் நாளே பேட்டரியை மாற்றிக் கொடுத்து
ஒரு கட்-அவுட்டைக் கருக்கினேன்.
(டைனமோவுக்கு உள்ள கட்-அவுட்.
அவளுக்கு வைத்ததெல்லாம்
எந்தெந்த மழையில் கரைந்ததோ.)
அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம்.
தரை அரித்து, சீட்டில் உட்கார்ந்தால்
ஷெட்டுச் சிமெண்டு தெரிந்தது.
செய்யது கனி புதுத் தகடு தட்டினான்.
நம்பிராஜன் சிவப்பை ஏழு தடவை அடித்து
ஆறு தடவை தேய்த்தான்.
ஸ்டியரிங் பர்மிங்காமிலிருந்து
தெர்மோகோலுக்குள் வந்தது, சுங்கவரியோடு.
பார்க்க வருகிறவர்கள்
அந்த ஸ்டியரிங்கைத்தான் தொடுகிறார்கள்.
"ஆத்தாடி, அவுக பிடிச்ச வளையமாக்கும்!"
கனி என்னைப் பார்ப்பான்.
நான் ஸ்பேனரைப் பார்ப்பேன்.

பழைய வயரிங்கை உருவிப் பாயில் பரப்பி
படத்தோடு ஒத்துப் பார்த்தேன்.
பழுப்பு பேட்டரிக்கு. ஊதா ஹாரனுக்கு. கருப்பு எர்த்துக்கு.
பச்சையுமில்லாத நீலமுமில்லாத
வெளுத்த வயர் ஒன்று மட்டும்
படத்தில் எங்கேயும் இல்லை.
ஒரு முனை டிரைவர் சீட்டின் அடியில்,
இடது கையைத் தொங்கவிட்டால் எட்டுகிற இடத்தில்.
அங்கே மிளகாய் விதையளவு குமிழோடு ஒரு சுவிட்ச்.
இணைப்பில் டேப் இல்லை,
புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.
ஓரத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு.
பெயிண்டா என்று தின்னர் தொட்டு வைத்தேன்.
கரைந்து என் கட்டைவிரல் நகத்தில் ஏறியது.
நகப்பூச்சு.

மறுமுனையை மீட்டர் வைத்துத் தேடினேன்.
ஹெட்லைட் இல்லை. ஹாரன் இல்லை.
பின்னால் போய், நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் காட்டுகிற
சுண்டுவிரல் பல்பில் முடிந்தது.
அமுக்கினால் அது மட்டும் அணையும்.

கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.
அந்த நம்பர்
மெட்ராஸ் முழுக்க மனப்பாடமாய் இருந்திருக்கும்.

"எல்லாம் படத்துல உள்ளபடிதானவே?"
"உள்ளபடிதான் அண்ணாச்சி."
வயரைப் புதிதாய்ப் போட்டேன், அதே வெளுத்த நிறத்தில்.
சுவிட்சைத் துடைத்தேன்.
பொட்டில் மிச்சமிருந்ததைத் தொடவில்லை.

ஓட்டிப் பார்க்க ராத்திரி பதினோரு மணிக்கு எடுத்தேன்.
திருச்செந்தூர் ரோடு. கிருஷ்ணாபுரம் தாண்டியதும்
பைக்கில் இரண்டு பையன்கள், கையில் செல்போன்,
"ஏலே, ராஜநளினி காருலே! நம்பரை எடு, நம்பரை எடு!"
யோசிக்கவில்லை. இடது கை தானாகத் தொங்கியது.
கண்ணாடியில் அவர்கள் வெளிச்சம்
கொஞ்ச தூரம் தடுமாறி
செங்கல் லாரி ஒன்றின் பின்னால் தங்கிவிட்டது.
தரைத்தகட்டுக்குக் கீழே ரோடு
கெண்டைக்காலில் கேட்டது.

செய்துங்கநல்லூரில் டீ ஆற்றிக்கொண்டே கேட்டான் ஒருத்தன்:
"என்ன வண்டிண்ணே? லோக்கல்ல செஞ்சதா?"
ஆமா என்றேன்.
"பாத்தா தவக்களை மாதிரி இருக்கு."
அதுக்கும் ஆமா என்றேன்.

சுவிட்சைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.
மறுநாள் ஹோட்டல் வாசலில்
கலர் பல்புக்கும் செண்டை மேளத்துக்கும் நடுவே
வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாச்சி போன் போட்டார்:
"பின்னால ஒரு பல்பு எரியலையேவே?"

பழைய இங்கிலீஷ் வயரிங் அண்ணாச்சி,
லூக்காஸ் கம்பெனி,
அது அப்படித்தான்.