எந்தக் கே?

ஒரே எழுத்தை மூன்று விமானங்கள் உடுத்தின.
ஒன்று திரும்பி வராத வாரத்திலேயே
தொழிற்சாலை வாசனை போகாத இன்னொன்று வந்து நிற்கும்;
அதன் விலாவிலும் சிவப்பில் 'கே' என்று தீட்டுவார்கள்.
ஆகவே ஒரு படத்தில் ஏழு பேர்
கே-யின் முன்னால் நின்று சிரித்தால்
முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கே.
சக்கரத்தடியில் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது,
பின்னால் அந்த எல்ம் மரத்தில் இலை உண்டா,
யார் கழுத்தில் கம்பளித் துண்டு.
என் வேலையில் பாதி இதுதான்.

வேலை என்று நான் சொல்வது மனைவிக்குப் பிடிக்காது.
முப்பத்தொரு வருடம் லிங்கன் நகரில்
வீடு வீடாக எரிவாயு மீட்டர் பார்த்தவன்;
எண் என்றால் நம்பிப் பழகியவன்.
இப்போது வியாழக்கிழமைகளில் ரயிலேறி
லண்டன் ஆவணக் காப்பகத்தில்
படையணியின் நாட்பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், ஏழு பெயர்கள்.
இறங்கிய நேரத்தின் கட்டம் காலி என்றால்
வலப்பக்கம் ஒரே வாக்கியம்:
'கிளம்பிய பின் செய்தி ஏதும் இல்லை.'
தட்டச்சு செய்தவளின் பெயர் எங்கும் இல்லை.
அவள் இயந்திரத்தில் 'எஸ்' பாதிதான் விழும்.
பிப்ரவரியில் அந்த வாக்கியத்தை
ஒரே இரவுக்கு மூன்று முறை அடித்திருக்கிறாள்.
மூன்றாவதில் முற்றுப்புள்ளி தாளைத் துளைத்துவிட்டது.

மூன்று லங்காஸ்டர், இருபத்தொரு பேர்.
இறந்தோர் பட்டியலோடு ஒப்பிட்டேன், இருபத்தொன்று.
தொகை சரி. ஆள் சரியில்லை.
பதிவேட்டில் இருந்து பட்டியலில் இல்லாதவன்
ஆல்வின் ப்ராஸர், கே-யின் வால் துப்பாக்கிக்காரன்.
பட்டியலில் இருந்து பதிவேட்டில் இல்லாதவன்
கிளெமென்ட் ஹாலஸ்.
எந்த விமானமும் தனதென்று இல்லாத பையன்;
யாருக்காவது காய்ச்சல் என்றால் கூப்பிடுவார்கள்.

நான்கு வருடம் அவன் அட்டையில் ஒரு கேள்விக்குறி.

விடை மருத்துவக் கூடத்தின் கணக்கேட்டில் கிடந்தது,
கட்டுத்துணிக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில்:
'சார்ஜென்ட் ப்ராஸர். கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று.
இரண்டு நாள் பறக்கக் கூடாது.'
மாலை நான்கு பத்து.
கே கிளம்பியது ஐந்து நாற்பது.
அதற்குள் யாரோ ஹாலஸைத் தேடிப் போயிருக்க வேண்டும்.
அதற்குள் அவன் அங்கி மாட்டி
இன்னொருவன் முதுகு பழகிய கூண்டுக்குள்
குனிந்து நுழைந்திருக்க வேண்டும்.
பட்டியலைத் திருத்த மட்டும் யாருக்கும் நேரமில்லை.

ப்ராஸர் பிழைத்தார். எண்பத்தோரு வயது.
வேல்ஸில் அவர் மகள் கைன்வென் தொலைபேசியை எடுத்தார்.
அப்பா போரைப் பற்றிப் பேசியதே இல்லை என்றார்;
எல்லா மகள்களும் முதலில் சொல்வது அதுதான்.
பல்? தெரியாது.
ஹாலஸ்? கேள்விப்பட்டதில்லை.
கிளெமென்ட் ஹாலஸ் என்று முழுப்பெயரைச் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு கெட்டில் கூவி அடங்கியது.
"எங்கள் வீட்டு நாயின் பெயர் கிளெம்" என்றார்.
"அது செத்ததும் வந்ததற்கும் கிளெம்தான்.
அதற்கு அடுத்ததற்கும்.
வேறு பெயர் வைக்கலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டு
அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார்."
கொஞ்சம் பொறுத்து,
"காரில் அதைப் பின்சீட்டில் ஏற விடவே மாட்டார்.
எப்போதும் முன்னால். தன் பக்கத்தில்."

ஹாலிஃபாக்ஸில் ஹாலஸின் தங்கை மகனுக்கு
இன்றிரவு கடிதம் எழுதினேன்.
கே, வால் கூண்டு, ஐந்து நாற்பது.
பல்லையும் எழுதினேன்.
நாய் வந்த பத்தியை இரண்டு முறை அடித்துவிட்டு
மூன்றாம் முறை அப்படியே விட்டேன்.
அட்டையில் கேள்விக்குறியை அழித்தேன்;
வளைவு போய்விட்டது, புள்ளி போகவில்லை.

நாளை வியாழன்.
மார்ச் மாதப் பக்கங்கள் பாக்கி.
ஆறாம் தேதி ஒரு புதிய கே வருகிறது.
அதன் வால் கூண்டில்
ப்ராஸர்.