பதினாறு பக்கம் குறைவு

செக்கிங்கில் பத்து நாள் நின்றால் என்ன சம்பளமோ
அதுதான் அந்த விதிப்புத்தகத்தின் விலை.
கப்பல் கூலி தனி.
ஏழு மாதமாக என் செல்போன் கூடையில் கிடக்கிறது,
எடுக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல்.

ஆடி வந்தது.
சேலைக்குத் தள்ளுபடி, குக்கருக்குத் தள்ளுபடி,
பல் கட்டுவதற்குக்கூடப்
பல்லடம் ரோட்டில் பேனர் வைத்து இருபது சதம்.
டிராகனுக்கு மட்டும் முழு விலை.

ஒருமுறை ஒரு கூப்பன் கிடைத்தது.
ஓவர்டைம் முடிந்து, பஞ்சு போகக் கை கழுவி,
எழுத்தெழுத்தாக அடிப்பதற்குள்
தேதி மாறிவிட்டது.

நாங்கள் நாலு பேர்.
நிட்டிங் மிசின் மெக்கானிக் சௌடேஸ்வரன்
ஞாயிற்றுக்கிழமைகளில் மந்திரவாதி.
பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் லோகநாயகி திருடி.
டெம்போ ஓட்டும் அங்குராஜ்
காயம் ஆற்றும் சாமியார்.
கதை நடத்துவது நான்.
இலவசமாகக் கிடைத்த பன்னிரண்டு பக்க ஜெராக்ஸில்
மூன்றாம் நிலைக்கு மேல் யாரும் வளர முடியாது.
அதே குகை. அதே எலிகள்.

"ஏலச்சீட்டு போடலாமா?" என்றாள் லோகநாயகி.
நாலு பேர் சீட்டில்
யார் எவ்வளவு தள்ளி எடுப்பது?
தள்ளினது போக
அட்டை வாங்கத்தான் மிஞ்சும்.

அப்புறம் ஒரு புதன்கிழமை
அங்குராஜ் போனில் கத்தினான்:
"அக்கா, காதர்பேட்டைக்கு வாங்க, உடனே!"

மூடிப்போன ஏதோ எக்ஸ்போர்ட் ஆபீஸைக் காலி பண்ணி
லாட்டாக எடுத்திருந்தார் முபாரக் அண்ணன்.
காலர் கோணின டீசர்ட் மூட்டைக்கும்
உடைந்த பொம்மைக்கும் நடுவே
அது கிடந்தது. கெட்டி அட்டை. சிவப்பு டிராகன்.
"பேய்ப்படமாப் போட்டிருக்குது, என்ன புக்குங்க இது?
எதுவா இருந்தாலும் கிலோ நூத்தம்பதுங்க."

தராசில் ஒரு கிலோ முந்நூறு.
நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.
வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்க வேண்டும்.
கை கேட்கவில்லை.
ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடியே பழகின கை
தானாகப் புரட்டியது:
தொண்ணூற்றாறு. அடுத்தது நூற்றுப் பதிமூன்று.

"அண்ணா, பதினாறு பக்கம் இல்லீங்க."
"பின்ன எதுக்குங்க செகண்ட்ஸுங்கறது?"
"கொறைச்சுப் போடுங்க."
"இல்லாத பக்கத்துக்கு எடை ஏதுங்க?
தராசே கழிச்சுப் போட்டுருச்சு."

பதில் சொல்ல முடியவில்லை. நின்றேன்.
நிற்பது என் தொழில்.
கடைசியில் நூற்றெண்பது.

ஞாயிற்றுக்கிழமை, அனுப்பர்பாளையம்,
சௌடேஸ்வரனின் மாடி அறை.
பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது
போன பக்கங்களில் என்ன இருந்ததென்று:
கடைகள். பொருட்கள். விலைப்பட்டியல்.

வாள் என்ன விலை? புத்தகத்துக்குத் தெரியாது.
"அம்பது பொன்" என்றேன், வாய்க்கு வந்தபடி.
"மூணா எடுத்தா?" என்றாள் திருடி.
"நாப்பத்தெட்டு."
"தொண்ணூறு நாள் கடன்?"
"இது காட்டுக்குள்ள இருக்கிற கடை, லோகு."
"காட்டுக்குள்ள வேற யாருங்க வாங்கறா?"

மந்திரவாதி கயிற்றை முழம்போட்டுப் பார்த்தான்.
சாமியார் மருந்துக் குப்பியில்
காலாவதித் தேதி கேட்டார்.
ஆர்டர் கேன்சலான கவசம் ஒன்றை எடுத்து வைத்தேன்.
இடது கை இல்லாதது.
"கை இல்லியே, கொறைச்சுப் போடுங்க."
எனக்குள்ளிருந்து முபாரக் அண்ணன் பேசினார்:
"இல்லாத கைக்கு எடை ஏதுங்க?"

பகடை உருட்டினாள். இருபதுக்கு ரெண்டு.
கல்லா திறந்துதான் கிடந்தது, சொல்லியும் விட்டேன்.
எட்டு மாதத்தில் முதல்முறையாக
லோகநாயகி எதையும் திருடவில்லை.
உருட்டினது செல்லாது, வாயால் பேசிக்கொள்வோம் என்று
சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாலாம் நிலைக்குப் போகும் வழி
முப்பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, முழுசாக.
மணி பதினொன்றரை வரை
அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை.
குகை வாசலில் டிராகன் காத்திருந்தது.
நாங்கள் இன்னும் கடையில் இருந்தோம்.