பிரிவு இருபத்து மூன்று

ஈரி ஏரி உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரியில்
அந்த வாக்கியத்தை எழுதினேன்.
பத்தொன்பதாம் மாடி, ஆறிப்போன காபி,
கீழே க்ளீவ்லண்டின் உப்புத் தூவிய சாலைகள்.
"வாடிக்கையாளர் தன் குறையைத் தனியாகவே
நடுவர் முன் கொண்டுவர வேண்டும்,
பிறரோடு சேர்ந்து வழக்காட உரிமையில்லை."
அந்த நடுக் காற்புள்ளிக்கு இரண்டு மணி நேரம் யோசித்தேன்.
வாட்டர் ஹீட்டரை வாடகைக்கு எடுப்பவர் எவரும்
இருபத்து மூன்றாம் பிரிவு வரை
படித்து இறங்குவதில்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும்.
என் வேலை, வடத்தை
முழத்துண்டுகளாக நறுக்கி
ஆளுக்கொன்று கையில் கொடுப்பது.
பதினான்கு டாலர் முப்பத்தேழு சென்ட்டுக்கு
எவர் தனியே வந்து இழுப்பார்?

என்னைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள்.
நினைத்தாலும் பரவாயில்லை.
சண்டஸ்கியில் ஒரு ஜாம் ஆலை.
புட்டியில் ஒட்டிய "இயற்கை" என்ற ஒரு சொல்லுக்காக
அறுபத்திரண்டு பேரின் வேலையை
விழுங்க வந்தது ஒரு கூட்டு வழக்கு.
தொடுத்தவரோ ஜாமே சாப்பிடாதவர்.
உடைத்தேன்.
டிசம்பர் தவறாமல் இன்றும் ஒரு புட்டி வருகிறது, செர்ரி.
எனக்குச் செர்ரி பிடிக்காது. அடுக்கி வைத்திருக்கிறேன்.

மற்றவை அப்படியல்ல.
மெத்தை, பல் வெளுக்கும் பசை, தாமதக் கட்டணம்.
வழக்காடியவர் பெயர் ஒன்றும் நினைவில்லை.
வென்ற இரவுகளில் காரை ஓடவிட்டபடி
நகராமல் உட்கார்ந்திருப்பேன்.
குற்ற உணர்வு என்று முடிவு கட்ட வேண்டாம்,
கண்ணாடியில் பனி இளக நேரமாகும்.

முப்பத்தோராம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை,
லெமுவல் கதவைப் பிடித்தபடி நின்றான்.
"மனுக்கள் வந்திருக்கின்றன."
எத்தனை?
"நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. தனித்தனியாக."
ஒவ்வொன்றுக்கும் நடுவர் கட்டணம்
ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்.
நிறுவனமே செலுத்தும் என்று
பெருந்தன்மையாக எழுதி வைத்ததும் நான்தான்.
அவரவர் துண்டு வடத்தோடு
ஊரே வாசலில் நின்றது.

நீதிமன்றத்துக்கு ஓடினேன்.
எல்லாவற்றையும் ஒன்றாக விசாரியுங்கள் என்றேன்.
ஒன்றாக.
அந்தச் சொல் என் வாயில்
இரவல் பல்செட் போல ஆடியது.
நீதிபதி டில்மன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப்
பிரிவு இருபத்து மூன்றை வாய்விட்டுப் படித்தார்,
என் காற்புள்ளியில் சரியாக நிறுத்தி.
"தெளிவாகத்தானே இருக்கிறது.
யார் எழுதியது, மிஸ் ஹாவ்லிசெக்?"
பதில் சொல்ல எழுந்திருக்கப் பார்த்தேன்.
ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

முதல் விசாரணை, விமான நிலையத்து ஓட்டல் அறையில்.
பிளாஸ்டிக் பூ, தண்ணீர்க் குடுவை, கனைக்கும் நடுவர்.
மார்வெல்லா ஸ்டூக்ஸ், பேக்கரியில் இரவு வேலை,
நகக்கண்ணில் மாவு,
ஏழு மாத பில்களை உறையிலிருந்து எடுத்து
ஓரம் பிசகாமல் அடுக்கினார்.
நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம்
கூட்டத்துக்கானவை.
ஒருத்திக்கு என்று ஒன்றும் இல்லை.
பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.
"பார்க்கிங் சீட்டுக்கு முத்திரை வைப்பீர்களா?
பதினாறு டாலர் போட்டிருக்கிறார்கள்."
வைத்தேன். மை சற்று ஈஷிக்கொண்டது.
வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.
"அடுத்து" என்றார் நடுவர்.