தொண்ணூற்றைந்து ரூபாய்ச் சீனி

நிலோஜினியின் கணக்குப் புத்தகம்
அவளுக்கு முன் மூன்று பேர் படித்துக் கொடுத்தது.
அதில் நூற்றுப் பதினோராம் பக்கத்தில்
ஒரு கடை இருக்கிறது.

திருமதி நாகரத்தினம் அங்கே
கிலோ தொண்ணூற்றைந்துக்கு மூன்று கிலோ சீனியும்
நாற்பது ரூபாய்த் தேங்காயில் நான்கும் வாங்கி
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார்.
மீதி எவ்வளவு?

"அம்பத்தஞ்சு" என்றாள் மகள்.
நான் கரண்டு பில்லின் பின்பக்கத்தில்
என் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.
"அந்தக் கடை எங்கம்மா இருக்கு?
மஸ்கெலியாவிலா, சாமிமலையிலா?
பஸ் காசு போனாலும் பரவாயில்லை" என்றேன்.

எங்கள் சந்தியில் ரஸீன் முதலாளி
விலைப் பலகையில் எழுதுவதை விட்டுவிட்டார்.
அழித்து அழித்துப் பலகை வெளுத்துப்போனது.
இப்போது வாயால் சொல்கிறார்.
சொல்லும்போது முகத்தைப் பார்ப்பதில்லை,
தராசையே பார்க்கிறார்,
அது அவரை ஏசப்போவதுபோல.

சம்பளம் கூடிச்சு என்று ரேடியோ சொன்ன அன்று
மேல் லயத்துப் பொடியன்கள் வெடி கொளுத்தினார்கள்.
அடுத்த கிழமை கொழுந்து மடுவத்தில்
ஒரு பேருக்கு இரண்டு கிலோ கூடக் கேட்டார்கள்.
உரம் வராத வருசத்துச் செடி,
மஞ்சளாய் நிற்கிறது,
அதனிடம் யார் போய்ச் சொல்வது
சட்டம் மாறிவிட்டதென்று.
அந்த மாதம் எனக்கு
பதினோரு முழுப் பேர், ஒன்பது அரைப் பேர்.
வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடையிலிருந்து
அவர் அனுப்பியது அனுப்பியபடியே
சீட்டுக்குப் போனது.

கொடுப்பனவுக்குப் பெயர் பதிய வந்த தம்பி
கூரையைப் பார்த்தார். தகரம் என்று எழுதினார்.
அடுப்பைப் பார்த்தார். விறகு என்று எழுதினார்.
எல்லாம் எங்களுக்குச் சாதகமாய்ப் போய்க்கொண்டிருக்கையில்
அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அது அடித்தது.
ஊரடங்கில் பாடம் படிக்கட்டும் என்று
தோட்டை வைத்து வாங்கிய போன்.
திரையில் குறுக்கே ஒரு வெடிப்பு.
வெடிப்பை எழுதவில்லை.
போன் என்று எழுதினார்.
அழைத்தது யாரென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
தோடு இருக்கும் வங்கி,
தவணை ஞாபகப்படுத்த.

பட்டியல் வந்தது. நாங்கள் இல்லை.
போனால்தானா என்று தெரியாது.
கேட்கப் போனால் ஒரு பேர் போகும்.

அட்டனுக்கு வட்டி கட்டப் போனபோது
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே,
"பவுண் இப்ப நல்ல விலை அக்கா,
அதே தோட்டுக்கு இன்னும் பதினெட்டாயிரம் தரலாம்" என்றாள்.
அப்போதுதான் விளங்கியது,
நான் பணக்காரியாகிக்கொண்டிருக்கிறேன்,
மாதா மாதம்,
அட்டனில் ஓர் இரும்புப் பெட்டிக்குள்.
காதில் ஈர்க்குக் குச்சி.

வாங்கினேனா? வாங்கினேன்.
அதில் பத்து, ரஸீன் முதலாளியின் பழைய பாக்கி.
மிச்சம்தான் இந்தப் பில்லின் பின்பக்கம்.
மூன்று முறை கூட்டியும்
அறுபது ரூபாய் எங்கோ போயிருக்கிறது.

"அம்மா, இந்தக் கணக்குல ஒரு பிழை."
"விடைதான் சரியா வந்திச்சே."
"விடை சரி.
ஆனா ஏன் மூணு கிலோ சீனி, ஒரேயடியா?
அவங்க வீட்டுல கல்யாணமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவள் சிரிக்கவில்லை.
உண்மையாகத்தான் கேட்டாள்.
நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் தவிர
சீனிக்கு வேறு அளவு
அவள் கண்டதில்லை.

அடுத்த கணக்கில் அதே நாகரத்தினம்
வங்கிக்குப் போகிறார்,
பணம் போட.
அதையும் செய்துவிட்டுப் படுக்கிறேன் என்றாள்.

மீட்டரில் இருபத்தெட்டு யூனிட்.
மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.
முப்பதைத் தாண்டினால் வேறு விலை.
எழும்பிப் போய்
இஸ்தோப்பு பல்பை மட்டும் அணைத்துவிட்டு வந்து
அவள் வெளிச்சத்திலேயே
அந்த அறுபது ரூபாயைத் தேடினேன்.