மூணாம் பிளக்

அழகியமண்டபம் வளைவில்
விடிகாலை நாலு மணிக்கு நின்றுவிட்டது
ததேயுவின் கேஸ் வண்டி.
பின்னால் நாற்பது பெட்டி சாளை, மேலே ஐஸ்.
எஞ்சினுக்குள் யாரோ
விசிலடித்துக்கொண்டே இருமுவதுபோல் சத்தம்.

கயிறு கட்டி இழுத்து வந்தபோது
ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.
"தின்னவேலி கம்பெனிக்காரன் செய்த வேல வேய் இது.
சித்திரையில சர்வீசுக்கு விட்டேன், கெடுத்துப்போட்டான்."
தலையாட்டினேன்.
தப்பு அடுத்தவன் மேல் என்றால்
கழுத்துக்கு எண்ணெயே வேண்டாம்.

மூணாம் பிளக்கில் பாக்ஸை மாட்டித் திருப்பினேன்.
இறுக்கமே இல்லை.
ஆடும் பல்லாக விரலோடு வந்தது,
இடுப்பில் ஒரு வெள்ளிச் சுருளைச் சுற்றிக்கொண்டு.
சுருள் பிளக்குடையதல்ல.
ஹெட்டின் மரை,
அப்படியே உரிந்து வந்திருக்கிறது.
இரும்பு வம்படியாக நுழைந்தால்
அலுமினியம் எந்தக் கோர்ட்டுக்குப் போகும்.

மண்ணெண்ணெயில் பிளக்கைக் கழுவினேன்.
கரி விலகியதும்
தலைப்பக்கம் ஒரு நீலப் பொட்டு.

நான் மாற்றும் பிளக்குக்கெல்லாம் நான் வைப்பது.
குளச்சலில் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்,
டப்பா இப்போதும் அலமாரியில் இருக்கிறது.

வைகாசி கடைசி.
அன்று வண்டியோடு வந்தது ததேயுவின் மச்சினன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்,
அதில் சீட்டுக்காரர்.
முதல் சுற்றே முரண்டியது.
பிசிறாக இருக்கும் என்று நினைத்தேன்.
நினைக்கவும் இல்லை,
பாரைத்தான் நீட்டினேன்.

"என்ன வேய், பேச்சே காணல?"
"ஒண்ணுமில்ல. அந்த லைட்டப் பைய இங்க சாய்ச்சுப் பிடி."

பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தி,
டேப்பின் பள்ளமெல்லாம் கிரீஸ் அப்பி
அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே.
எடுக்க எடுக்க
கிரீசில் ஒட்டிய சீவல்
சாளைச் செதிலாக மின்னியது.
ஒரு செதில் உள்ளே விழுந்தாலும்
சிலிண்டர் சுவரில் கோடு விழும்.
மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினேன்.
திரும்பவும் உறிஞ்சினேன்.
மூன்றாம் தடவை, பயத்துக்காக.

புஷ்ஷுக்குப் பசை தடவி இறக்கியாயிற்று.
பசை பிடிக்க அரை மணி நேரம்.
ஐஸ் தண்ணீர் ஒழுகி ஓடைக்குப் போயிற்று,
மழையும் அதோடு சேர்ந்துகொண்டது.
ததேயு திருவனந்தபுரத்துக்கு போன் போட்டு
பாறசாலை தாண்டிவிட்டதாகச் சொன்னான்.

பிறகு ஒரு சாண் ரப்பர் குழாய்.
அதன் வாயில் புதுப் பிளக்கைச் செருகி
முதலில் பின்பக்கமாகத் திருப்பினேன்.
டொக்.
மரை மரையில் உட்கார்ந்த சத்தம்.
அப்புறம்தான் முன்பக்கம்.
கோணலாக ஏறினால்
ரப்பர் முறுக்கி, வழுக்கி, விட்டுவிடும்.
அந்தக் கூச்சம் என் கைக்கு இல்லாமல் போயிற்று.

ஸ்டார்ட் பண்ணினான்.
நாலும் ஒரே மூச்சில் ஓடின.

"எவ்வளவு வேய்?"
"புஷ்ஷுக்கு மட்டும் தா."
சந்தேகமாகப் பார்த்தான்.
பிறகு பெஞ்சிலிருந்த பழைய பிளக்கை எடுத்துச்
சட்டைப் பையில் போட்டான்.
"இத அவன் மேசையில வெச்சு
நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

கிளட்சை மிதித்துவிட்டான்.
கியர் விழவில்லை இன்னும்.

"ததேயு, அது நான் போட்டது."

பையிலிருந்து எடுத்து
மழை வெளிச்சத்தில் உருட்டினான்.
பொட்டு. அலமாரி. டப்பா. நான்.

"ஒமக்கென்ன மரை கழண்டு போச்சா?"

போட்டதைக் கேட்டானா,
சொன்னதைக் கேட்டானா, தெரியவில்லை.
பிளக்கைத் திருப்பித் தரவும் இல்லை.
வண்டி தக்கலைப் பக்கம் இறங்கிப் போயிற்று,
சத்தம் சீராக,
வளைவு தாண்டியும் கொஞ்ச நேரம்.

புஷ்ஷுக்குக் காசு தர அவனும் மறந்தான்.
ஓடையோரம் பெட்டி தவறவிட்ட மூன்று சாளை.
நான் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள்
பூனை இரண்டாவதில் இருந்தது.