பின்பக்கத் தகடு

மூவாயிரம் என்று போட்டவன் நான்தான்.
சாவோ பாவ்லோவுக்கு வெளியே
விமானங்கள் வயிறு தெரியத் தாழ்ந்து இறங்கும் குவாருல்யோஸில்
அட்டைப்பெட்டி அச்சகம்.
முதல் வருடம் முந்நூறு வாட்ஸ்.
போட்டிக் கம்பெனி தொள்ளாயிரம் போட்டதும்
முதலாளி வால்டெமிர் காபியோடு வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்றார்:
ஆயிரத்து இருநூறு ஆக்கு.
பெட்டிக்குள் எதுவும் மாறவில்லை,
ஒரு திருகாணி குறைந்ததாகக் கேள்வி.

அடுத்த வருடம் மூவாயிரம்.
மஞ்சள் நட்சத்திரத்தை அகலப்படுத்தி
எண்ணை அதற்குள் உட்காரவைத்தேன்.
பி.எம்.பி.ஓ. என்பதை
எறும்பின் காலளவுக்குச் சுருக்கினேன்.
ஒரு சுழியம் கூடுதலாகப் போட
எவ்வளவு மை ஆகும்?

ஊழியர் தள்ளுபடியில் நானே ஒன்று வாங்கினேன்.
சிரிக்காதீர்கள்.
தினமும் பார்க்கிற எண் மெல்ல மெல்ல
நம்மையும் வாங்கிவிடுகிறது.

ஜூன் மாத விழா, மொட்டைமாடி, சோளக்கதிர், நாற்பது பேர்.
குமிழைக் கடைசிவரை திருகினேன்.
தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் ஒரு குரல்,
பிறகு வாசனை,
பிறகு புகை.
எதிர்வீட்டு ஒஸ்மரினோ
குமிழ் உதிர்ந்த தன் பழைய பெட்டியைத் தூக்கிவந்தான்.
எல்லோரும் அதற்குத்தான் ஆடினார்கள்.
என் மனைவியும்.

சாந்தா இஃபிஜேனியா தெருவில்
இரண்டாம் மாடி, நொயேமியா தனாபேயின் பட்டறை.
அட்டைப்பெட்டியோடு போயிருந்தேன்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
கருவியைக் குப்புறத் திருப்பி
பின்பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள்:
நூற்று இருபத்தேழு வோல்ட்.
நாற்பத்தைந்து வாட்.
"சுவரிலிருந்து இது வாங்குவது இவ்வளவுதான்."
சட்டியில் நாற்பத்தைந்து,
அகப்பையில் மூவாயிரம்.
அந்தத் தகட்டை எழுதியவன் யாரோ,
அவனுக்கு எதையும் விற்கவேண்டிய அவசியம் இல்லை.

கருகிய சில்லை மாற்றினாள்.
ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு
எட்டு ஓம் மின்தடைகள் இரண்டை மாட்டினாள்,
பாடத் தெரியாதவை, சூடாக மட்டும் தெரிந்தவை.
ஒற்றைச் சுரத்தை உள்ளே அனுப்பினாள்.
திரையில் பச்சை அலை,
உருண்டு திரண்ட குன்றுகள்.
குமிழ் திரும்பத் திரும்ப அவை வளர்ந்தன,
ஓரிடத்தில்
உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாயின.
ஒரு மயிரிழை பின்னால் திருகி நிறுத்தினாள்.
"இதுவரை நிஜம்."

பத்து வோல்ட்.
பத்தைப் பத்தால் பெருக்கி எட்டால் வகுத்தாள்.
பன்னிரண்டரை.
இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தைந்து.
மீதி இருபது எங்கே என்றேன்.
என் கையை எடுத்துக் கருவியின் முதுகில் வைத்தாள்.
சுட்டது.

சரி, மூவாயிரம் எங்கே?
"ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கு.
அதில் ஒரு துண்டில்
மின்தேக்கிகள் இருப்பையெல்லாம் கொட்டுவதாக நினை.
கிழிகிற சத்தத்தையும் இசை என்று எண்ணு.
பெட்டியில் எத்தனை ஓட்டையோ அத்தனையால் பெருக்கு.
அப்படியும் போதாது.
மிச்சத்தை எவனோ உட்கார்ந்து எழுதுகிறான்."
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஒலிபெருக்கிகளைத் திரும்ப மாட்டி வானொலியைத் திறந்தாள்.
கால்பந்து வர்ணனை.
கீழே கேபிள் விற்பவன் தலைதூக்கி
யார் கோல் அடித்தது என்று கத்தினான்.
அளவி காட்டியது
அரை வாட்கூட இல்லை.
"இதைவிட இரண்டு மடங்கு உரக்கக் கேட்க
பத்து மடங்கு வாட் வேண்டும்.
உனக்கு எவ்வளவு உரக்க வேண்டும்?"
பதில் சொல்லத் தெரியவில்லை.
பில் நீட்டினாள். அறுபது ரெயாய்ஸ்.
எழுதியிருந்ததும் கொடுத்ததும் ஒரே எண்.

திங்கட்கிழமை வால்டெமிர் காபியோடு வந்தார்.
ஐயாயிரம் என்றார்.
தகட்டில் உள்ளதையும் ஓர் ஓரமாகப் போடலாமா என்றேன்.
காபி சிந்தச் சிரித்தார்.

ஐயாயிரம் போட்டேன். வாடகை இருக்கிறது.
ஆனால் பெட்டியின் அடிமடிப்பில்,
பசை தடவி மூடிவிடுகிற உட்புறத்தில்,
ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
பன்னிரண்டரை, பன்னிரண்டரை.
வீடு மாறும்போது யாராவது
அட்டையைக் கிழித்தால் தெரியும்.