இருபதாம் தேதி

பதினொன்று பத்துக்கு
ரௌட்டரில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது.
புதுவயல் அரிசி மில் மூன்றுக்கும்
ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாள்.
முதல் மில்லின் தவிட்டுக் கணக்கில்
வட்டம் சுற்றியபடி நின்றது திரை.

அணைத்துப் போட்டேன்.
முப்பது எண்ணிவிட்டுப் போட்டேன்.
வயரைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்,
ஊதினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே.
மொட்டை மாடி ஏறி கஸ்டமர் கேரைப் பிடித்தால்
ஒரு குரல் அணைத்துப் போடச் சொன்னது.
இறங்கி வந்து
அந்தக் குரலுக்காகவும் ஒருமுறை.

கண்டனூரில் டவர் இருக்கிறது.
வீட்டுக்குள்தான் வராது.
இரண்டடிச் சுவர்;
ஆத்திரத்தில் கத்தினாலே அடுத்த அறைக்குக் கேட்காது,
ஹாட்ஸ்பாட் எம்மாத்திரம்.

மூன்றரைக்கு ஜெனிட்டா வந்தாள்
ஸ்கூட்டியில், தோளில் கேபிள் வளையத்தோடு.
கம்பத்தில் அளந்தாள், வெளிச்சம் வருகிறது.
உள்ளே அளந்தாள், வரவில்லை.
"நடுவுல எங்கயோ கடிச்சிருக்கு சார்."
"எலியா?"
"கடிச்சதப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பேனா போல ஒன்றை எடுத்து
கேபிள் நுனியில் பொருத்தினாள்.
உள்ளே சிவப்பு ஓடுமாம்,
முறிந்த இடத்தில் கசியுமாம்.
முகப்பிலிருந்து அண்ணாந்தபடியே நடந்தோம்.
பட்டாலையில் இல்லை.
வளவில் வெயில், ஒன்றும் தெரியவில்லை.
மூன்றாவது அறை வாசலில்
அவள் தரையில் படுத்துவிட்டாள்,
அத்தங்குடிக் கல்லில் கன்னத்தை வைத்து
கதவுக்கடியில் ஒற்றைக் கண்ணால்.
"உள்ள மினுங்குது சார். தொறங்க."

அது வெள்ளையப்பனின் அறை.
கேபிள் போட்ட வருஷம் கதவு திறந்திருந்தது,
குறுக்கு வழி என்று உள்ளே விட்டு இழுத்தார்கள்.
பிறகுதான் கேஸ், பூட்டு, ஆறு வருஷம்.

மறுபடி மொட்டை மாடி.
"வெள்ளையப்பா, சாத்தப்பன் பேசறேன்."
ஈப்போவில் மிக்ஸி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது,
நின்றது.
சொன்னேன்.
சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றான்.
"எதுன்னாலும் வக்கீல்கிட்டப் பேசு."
மிக்ஸி ஓடத் தொடங்கியதும் வைத்துவிட்டான்.

"சொவத்துல ஒரு ஓட்டை போட்டா
சுருக்க முடிஞ்சிரும் சார்."
"ஒம்போது பங்கும்மா.
பாக்கி எட்டுப் பேரும் கையெழுத்துப் போடணும்."
சுவரைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
தேவகோட்டை ரஸ்தாவில் இன்னொரு வீடு காத்திருந்தது.

ஓட்டின் மேலாக, வளவைச் சுற்றி,
கல்யாணத்துக்குப் படுதா கட்டும் கொக்கிகளில்
பிளாஸ்டிக் வளையம் இறுக்கி இறுக்கி
நாற்பத்திரண்டு மீட்டர்.
நேராக வந்தால் பதினொன்று.

நுனியை உரித்து ஸ்பிரிட்டால் துடைத்தாள்.
தலைமுடியிலும் மெல்லிசாய்க் கண்ணாடி.
வெட்டி விழுந்த துணுக்கைத் தேடிப் பிடித்து
ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.
"கால்ல ஏறுனா
ஏறுன எடம் தெரியாது சார்."

ஐந்து ஐம்பதுக்குப் பச்சை.
பழைய கேபிளிலிருந்து பேனாவைக் கழற்றியபோது
கதவுக்கடியில் இருட்டியிருக்கும்,
நான் குனிந்து பார்க்கவில்லை.
அறை அவனுடையது.
உள்ளே கிடக்கிற பதினொரு மீட்டர் என்னுடையது.
இது கேஸில் இல்லை.

அதன்பிறகு அரசாங்கத்தின் சர்வர் படுத்துக்கொண்டது.
கடைசி நாளில் ஊரே ஒரே வாசலில் நின்றால்
அதுவும் என்ன செய்யும்.
மூன்றாவது மில்லுக்கு ரசீது எண் வந்தபோது
மணி பதினொன்றரை.

கம்ப்யூட்டரை அணைக்கப் போகையில்
போனில் ஒரு செய்தி.
ஈப்போவில் அப்போது நடுச்சாமம் கழிந்து இரண்டு.
"எலியா, அணிலா?"

பெயரைப் பார்த்தேன். கேள்வியைப் பார்த்தேன்.
ஜெனிட்டா சொன்னதையே அடித்து அனுப்பினேன்:
கடிச்சதப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.

இரண்டு நீல டிக்,
மொட்டை மாடி ஏறாமலே.